கீபோர்டைத் துடைக்கறது யாரோட வேலை?

ஆயுத பூஜைக்கு முதல் நாள் துவாக்குடி பக்கம் வந்திருக்கீங்களா மக்களே? வந்ததில்லைன்னா ஒரு தடவை வந்து பாருங்க. வருஷம் பூரா கிரைண்டிங் சத்தமும் வெல்டிங் வெளிச்சமுமா இருக்கற சிட்கோ எஸ்டேட்ல அன்னிக்கு மட்டும் மெஷின் சத்தம் அடங்கி, வாளியில தண்ணி பிடிக்கற சத்தம் கேக்கும். பெல் கம்பெனி பாய்லர் வேலையை நம்பி வளர்ந்த பட்டறைகள் நிறைய இருக்கற ஊர் இது. லேத், டிரில்லிங் மெஷின், வெல்டிங் செட், முதலாளியோட டூவீலர், ஸ்பேனர் வரைக்கும் துடைச்சு, பட்டை போட்டு, சந்தனம் குங்குமம் வச்சு, பொரிகடலை படைச்சு, வாசல்ல பூசணிக்காய் உடைச்சாத்தான் அந்த வருஷம் முடிஞ்ச மாதிரி.

பட்டறைக்குள்ள ஒரு சின்ன ஆபீஸ் ரூம் இருக்குமில்லையா, அங்க இருக்கற பொட்டிக்கும் அன்னிக்குத்தான் குளியல். மானிட்டர் நெத்தியில மூணு பட்டை. சிபியுவுக்கு ஒரு மாலை. கீபோர்டுக்கு ஸ்பேஸ் பார் மேலயே கொழகொழன்னு சந்தனம், அதுக்கு மேல குங்குமம். மறுநாள் சந்தனம் காய்ஞ்சு பொடியா உதிர்ந்து உள்ள போயிருக்கும். "என்னப்பா ஸ்பேஸ் விழ மாட்டேங்குது"ன்னு நமக்கு போன் வரும் :-)

பூஜை வேணாம்னு சொல்ற ஆள் இல்லை நான். பொட்டு வைக்க கீபோர்டு ஓரச் சட்டத்துல இடமா இல்லைன்னு மட்டும்தான் கேக்கறேன். ஆனா இந்தப் பதிவு சந்தனத்தைப் பத்தி இல்லை. ரொம்ப நாளா மனசுல உறுத்திக்கிட்டு இருக்கற ஒரு விஷயத்தைப் பத்தி. போன ஆயுத பூஜைக்கு என் கீபோர்டைக் கழட்டித் துடைச்சுக்கிட்டு இருந்தப்ப மறுபடியும் ஞாபகம் வந்துச்சு. கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன், பொறுத்துக்கோங்க.

2003. ஆர்.இ.சி., என்.ஐ.டி.யா மாறின வருஷம். பேர்தான் மாறுச்சு, பஸ்ல ஏறினா எல்லாரும் "ஆர்ஈசி ஒண்ணு"ன்னுதான் டிக்கெட் கேட்டாங்க. நான் அப்ப துவாக்குடியில ஒரு டிடிபி கடையில சாயங்கால வேலை பார்த்தேன். நாலு பொட்டி. காலேஜ் பசங்க பிராஜெக்ட் ரிப்போர்ட், பட்டறைக்காரங்க கொட்டேஷன், கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி, எல்லாம் அடிப்போம். காலையில ஒரு அக்கா வந்து பெருக்கித் துடைச்சுட்டுப் போவாங்க. அந்தக் கடை, பக்கத்துல இருந்த மருந்துக்கடை, மாடியில ஒரு டியூஷன் சென்டர்னு மூணு இடம் அவங்களுக்கு. எங்க கடையில மாசம் 400 ரூபாய்.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு முதல் நாள் ஓனர் சொன்னார், "யக்கா, இன்னிக்கு கம்ப்யூட்டரையும் சேத்து நல்லா துடைச்சு விட்ருங்க." எப்படித் துடைக்கணும்னு அவரும் சொல்லல, பக்கத்துல உக்காந்து பத்திரிகை அடிச்சிக்கிட்டு இருந்த நானும் சொல்லல. அக்கா தரை துடைக்கற மாதிரியே ஈரத்துணியைப் பிழிஞ்சு நாலு கீபோர்டையும் அழுத்தித் துடைச்சாங்க. சுத்தமா பளிச்சுன்னு இருந்துச்சு. மறுநாள் பூஜை. அதுக்கு மறுநாள் கடை திறந்தா, மூணாம் நம்பர் பொட்டியில அங்கொண்ணும் இங்கொண்ணுமா ஏழெட்டு எழுத்து விழவே இல்லை.

"ஏம்மா, என்னத்த ஊத்தித் துடைச்ச?"

"தண்ணி தான்ணே. புழிஞ்சுட்டுத்தான் துடைச்சேன்."

"தெரியாட்டி கேக்க மாட்டியா?"

அந்த மாசம் 400 ரூபாயில கீபோர்டு காசு 250 பிடிச்சுக்கிட்டு 150 கொடுத்தார். அக்கா ஒண்ணும் பேசல. நானும் ஒண்ணும் பேசல.

நான் பேசாததுக்குக் காரணம் இருக்கு. அதுக்கு மூணு வாரம் முன்னாடி அதே மூணாம் நம்பர் கீபோர்டுல அரை கிளாஸ் டீயைக் கொட்டினவன் நான். யாரும் பார்க்கல. கர்ச்சீப்பால மேலாக்கத் துடைச்சேன், கவுத்து ரெண்டு தட்டு தட்டினேன், வேலையைத் தொடர்ந்தேன். அப்போதைக்கு நல்லாத்தான் ஓடிச்சு. அப்புறம் ஒண்ணு ரெண்டு விசை ஒட்டிக்கிட்டு எழும்பும். ஆனா வேலை நடந்துச்சு, அதனால மறந்துட்டேன். மறந்துட்டேன்னு சொல்றது கூடப் பொய்தான்.

செத்துப்போன கீபோர்டைக் காயலான் கடைக்குப் போடறதுக்கு முன்னாடி, "பிரிச்சுப் பாக்கறேன்ணே"ன்னு வாங்கிக்கிட்டு வீட்டுக்கு வந்தேன். பின்னாடி இருந்த ஸ்க்ரூ எல்லாம் கழட்டித் திறந்தா உள்ளுக்குள்ள என்ன இருந்துச்சுன்னு சொல்றதுக்கு முன்னாடி, அது எப்படி வேலை செய்யுதுன்னு ரெண்டு வரி. மெக்கானிக்கல் கீபோர்டு வச்சிருக்கறவங்க கொஞ்சம் பொறுங்க, உங்க கதை தனி.

சாதாரண விலை கம்மி கீபோர்டுக்குள்ள மூணு பிளாஸ்டிக் தாள் ஒண்ணு மேல ஒண்ணா இருக்கும். மேல் தாள்லயும் கீழ் தாள்லயும் மின்சாரம் ஓடற மெல்லிசான கோடுகள் அச்சடிச்சிருக்கும். நடுத்தாள்ல விசைக்கு ஒரு ஓட்டை. நாம விசையை அழுத்தினா ரப்பர் குமிழ் அமுங்கி, அந்த ஓட்டை வழியா மேல் கோடு கீழ் கோட்டைத் தொடும். கோலத்துல நெடுக்குப் புள்ளி, கிடக்குப் புள்ளி மாதிரி எந்த வரிசையும் எந்த நிரலும் தொட்டுச்சுன்னு பார்த்து, உள்ள இருக்கற சில்லு "இன்ன எழுத்து"ன்னு கம்ப்யூட்டருக்குச் சொல்லும். நூத்துச் சொச்சம் விசைக்கும் தனித்தனி கம்பி கிடையாது. ஒரே கோட்டுல பல விசைகள் தொங்கும். அதனாலதான் ஒரு இடத்துல கோடு அறுந்தா, ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்லாத ஏழெட்டு எழுத்து ஒரே நேரத்துல படுத்துக்குது.

திறந்து பார்த்தேன். தாளுக்கு நடுவுல பழுப்பு நிறத்துல ஒரு பெரிய கறை. ஓரத்துல சர்க்கரைப் பாகு காய்ஞ்ச மாதிரி பிசுபிசுப்பு. அதுல ஒட்டிச் செத்துப்போன எறும்புகள். கறை இருந்த இடத்துல மட்டும் கோடு கறுத்து அரிச்சுப் போயிருந்துச்சு. மத்த இடமெல்லாம் புதுசு மாதிரி. அக்கா அதே துணியால, அதே தண்ணியால துடைச்ச மீதி மூணு கீபோர்டும் அதுக்கப்புறம் ரொம்ப நாள் ஓடிச்சுங்கறதையும் சேர்த்துக்கோங்க. கீபோர்டைக் கொன்னது ஈரத்துணி இல்லை. என் டீ. இன்னும் சரியாச் சொன்னா, டீயை விட நான் வாயை மூடிக்கிட்டு இருந்தது.

ஏன்னா டீ கொட்டினதும் செய்ய வேண்டியது ரொம்ப சின்ன வேலை. அதைச் செய்யாததுதான் பெரிய தப்பு. ஈரமா இருக்கறப்ப மின்சாரம் ஓடிக்கிட்டே இருந்தா அந்தக் கோடுகள் அரிச்சுப் போக ஆரம்பிக்கும். சர்க்கரையும் பாலும் காய்ஞ்சு உள்ளேயே உக்காந்துக்கும், காத்துல இருக்கற ஈரத்தை இழுத்து வச்சுக்கிட்டு அரிப்பை நிறுத்தவே விடாது. அதனால இன்னிக்கு "இந்த மாதிரி ஆயிருச்சு"ன்னு யாராவது கேட்டா நான் சொல்ற வரிசை இது:

முதல்ல ஒயரை உருவுங்க. துடைக்கறது அப்புறம். யூஎஸ்பின்னா அப்படியே உருவலாம். பழைய ஊதா நிற உருண்டை பின் (பிஎஸ்2) இன்னும் வச்சிருக்கறவங்க பொட்டியையே ஆஃப் பண்ணிட்டு உருவுங்க, அது ஓடறப்ப கழட்டி மாட்டறதுக்காக வடிவமைச்சது இல்லை. உடனே கவுத்துப் பிடிங்க, வந்தது வடியட்டும். துணியால ஒத்தி எடுங்க, தேய்க்காதீங்க, தேய்ச்சா இன்னும் உள்ள போகும். கவுத்த வாக்குல மின்விசிறிக் காத்துல ஒரு நாள், முடிஞ்சா ரெண்டு நாள் விடுங்க. ஹேர் டிரையர் சூட்டுல காட்டாதீங்க, உள்ள இருக்கற பிளாஸ்டிக் தாள் சுருங்கிடும். வெறும் தண்ணின்னா பெரும்பாலும் பிழைச்சுக்கும். டீ, காபி, கூல்டிரிங்ஸ்னா காய்ஞ்சாலும் உள்ள சர்க்கரை இருக்கும், திறந்து துடைச்சாத்தான் நிம்மதி.

லேப்டாப்னா கதையே வேற. அங்க கீபோர்டுக்கு அடியிலயே மதர்போர்டும் பேட்டரியும் இருக்கு. சார்ஜரைப் பிடுங்கி, பவர் பட்டனை அழுத்திப் பிடிச்சு அணைச்சு, கவுத்து வச்சுட்டு சர்வீஸ் கடைக்குக் கொண்டு போங்க. "ஓடுதான்னு ஒரு தடவை போட்டுப் பாப்போமே"ங்கற அந்த ஒரு தடவைதான் பல லேப்டாப்போட கடைசித் தடவை. போறப்ப என்ன கொட்டுச்சுன்னு உண்மையைச் சொல்லுங்க. "ஒண்ணுமே ஆகல சார், தானா ஆஃப் ஆயிருச்சு"ன்னு சொன்னா அவங்க தப்பான இடத்துல தேடிக்கிட்டு இருப்பாங்க.

இது கொட்டினதுக்கு. சும்மா சேர்ற தூசிக்கும் அழுக்குக்கும் வருவோம்.

இந்த விஷயத்துல எனக்கு குரு எங்க ஊர் லேத் ஆளுங்கதான். ஒரு நல்ல மெஷினிஸ்ட் லேத்தைத் துடைக்கறதைப் பாருங்க. மொதல்ல மெயின் ஸ்விட்சை அணைப்பார். அணைக்காம துணியை மெஷின் பக்கம் கொண்டு போகவே மாட்டார், கொண்டு போனா விரல் போயிரும்னு தெரியும். அடுத்து பிரஷ்ஷால சுருளைத் தள்ளுவார், கையால தொட மாட்டார். அப்புறம்தான் துணி. அதுக்கப்புறம்தான் எண்ணெய். முக்கியமான விஷயம், அவர் மெஷினை அவரே துடைப்பார். பெருக்க வர்றவங்களைத் தொட விட மாட்டார். அவர் பொழப்பு அதுல இருக்கு.

அதே வரிசைதான் கீபோர்டுக்கும். மின்சாரத்தை எடு, காய்ஞ்ச அழுக்கை முதல்ல வெளியேத்து, ஈரம் கடைசியில, அதுவும் துணியில மட்டும்.

செய்முறை:

1. கழட்டின கீபோர்டைப் பழைய நியூஸ் பேப்பர் மேல கவுத்து மெதுவா தட்டுங்க. என்னென்ன கொட்டுதுன்னு பாருங்க. மிக்சர்ல வர்ற ஓமப்பொடி, முடி, நகம், ஸ்டேப்ளர் பின். எனக்கு ஒரு தடவை ஒரு முழு வேர்க்கடலை கொட்டுச்சு :-)

2. ஹார்டுவேர் கடையில கிடைக்கற ஒரு இஞ்ச் பெயின்ட் பிரஷ், புதுசு. அதால வரிசை வரிசையா ஒரே திசையில தள்ளுங்க. கீபோர்டு துடைக்கன்னே விக்கற பசை, குட்டி வேக்குவம் எல்லாம் இருக்கு. பிரஷ்ஷே போதும்.

3. விசையைக் கழட்டணும்னா முதல்ல ஒரு போட்டோ எடுத்துக்கோங்க. "தினமும் அடிக்கறோமே, தெரியாதா"ன்னு தோணும். தெரியாது. விரலுக்குத் தெரியும், கண்ணுக்குத் தெரியாது. ஸ்பேஸ் பார், என்டர், ஷிப்ட் இதுங்களுக்குக் கீழ கம்பி இருக்கும், அவசியம் இல்லைன்னா தொடாதீங்க. லேப்டாப் விசையைக் கழட்டவே கழட்டாதீங்க, அதுக்குக் கீழ இருக்கற கத்தரிக்கோல் மாதிரி கொக்கி உடைஞ்சா அப்புறம் பொருந்தாது.

4. கழட்டின விசைகளை வெதுவெதுப்பான தண்ணியில பாத்திரம் கழுவற சோப்பு ரெண்டு சொட்டு விட்டு ஊற வச்சுக் கழுவி, துணியில பரப்பி நிழல்ல ராத்திரி பூரா காய விடுங்க. கொதிக்கற தண்ணி வேணாம். வெயில் வேணாம், வெளுத்த விசை மஞ்சளாகிடும்.

5. கழட்டாம மேலாகத் துடைக்க, ஐசோபுரோபைல் ஆல்கஹால் 70 சதவீதம். துணியில லேசா நனைச்சுக்கணும், கீபோர்டு மேல நேரா தெளிக்கக் கூடாது. சில விசைகள்ல எழுத்து மேலாக அச்சடிச்சது, ஆல்கஹாலுக்கு அழிஞ்சிடும். அதனால அதிகம் பயன்படுத்தாத ஒரு விசையில தேய்ச்சுப் பாத்துட்டு ஆரம்பிங்க. பக்கத்துல ஊதுபத்தி, விளக்கு இருக்கக் கூடாது. ஆயுத பூஜை அன்னிக்குன்னா இதை ரெண்டு தடவை படிங்க.

செய்யக் கூடாதது:

தின்னர், பெட்ரோல், நெயில்பாலிஷ் ரிமூவர். பட்டறையில கைக்கு எட்டற தூரத்துல தின்னர் இருக்கறதால இதைச் சொல்றேன். அதுலயும் ரிமூவர்ல இருக்கற அசிட்டோன், கீபோர்டு செய்யற ஏபிஎஸ் பிளாஸ்டிக்கையே கரைக்கும். எண்ணெய்க் கறை போகுதேன்னு சந்தோஷப்பட்டுக்கிட்டு இருக்கும்போதே எழுத்தும் போயிடும், விசையும் வழவழன்னு உருகிடும்.

பட்டறை கம்ப்ரஸர். "ஏர் அடிச்சு விட்ரலாம் சார், ஒரே செகண்டு"ன்னு கூப்பிடுவாங்க. அந்தக் காத்துல டாங்கில சேர்ந்த தண்ணியும் எண்ணெயும் சேர்ந்து வரும். அழுத்தமும் டயருக்கு அடிக்கற அளவு. விசை பறந்து போய்க் கண்ணுல அடிக்கும், தூசி இன்னும் ஆழமா போகும். டப்பாவுல விக்கற காத்துன்னா நிமிர்த்திப் பிடிச்சு விட்டு விட்டு அடிங்க. கவுத்தா காத்து வராது, உறைய வைக்கற திரவம் வரும். அந்த வாயு தீப்பிடிக்கவும் செய்யும்.

சானிடைசர். 2020ல கொரோனா பயத்துல எத்தனை கீபோர்டு மேல புஸ்ஸு புஸ்ஸுன்னு அடிச்சோம்! கை வறளாம இருக்க சானிடைசர்ல கிளிசரின் சேர்ப்பாங்க. உலக சுகாதார நிறுவனம் அறிவிச்ச கலவையிலயே 1.45 சதவீதம் உண்டு. கைக்கு நல்லது. கீபோர்டுல அது காய்ஞ்சு போகாம பிசுக்காத் தங்கி தூசியைப் பிடிச்சு வச்சுக்கும்.

கிருமி பயம் பத்தியும் ஒரு வார்த்தை. 2008ல இங்கிலாந்துல 'விச்' பத்திரிகை லண்டன்ல இருந்த தன்னோட ஆபீஸ்ல 33 கீபோர்டைச் சோதிச்சப்ப, அதுல ஒண்ணுல கழிப்பறை இருக்கையை விட 5 மடங்கு கிருமி இருந்துச்சுன்னு வந்த செய்தி நம்ம எல்லார் மெயில்லயும் பார்வர்டா சுத்துச்சு, ஞாபகம் இருக்கா? அதைப் படிச்சுட்டு கீபோர்டை பினாயில்ல குளிப்பாட்டினவங்களை எனக்குத் தெரியும். நல்லா யோசிச்சா அதுல அதிசயம் ஒண்ணும் இல்லை. கழிப்பறை இருக்கையைத் தினமும் யாரோ கழுவறாங்க, கீபோர்டை யாரும் கழுவறதில்லை. 33ல மோசம்னு அவங்க சொன்னது 4. நாம தட்டிக்கிட்டே திங்காம இருந்து, சாப்பிடறதுக்கு முன்னாடி கை கழுவினா பாதிப் பிரச்சனை அங்கயே தீர்ந்துச்சு. பலர் கை மாறி மாறிப் படற பிரவுசிங் சென்டர், ஆஸ்பத்திரி கவுண்டர் கீபோர்டைத் தினமும் துடைக்கத்தான் வேணும். நம்ம வீட்டுக் கீபோர்டுக்கு வாரம் ஒரு பிரஷ், மாசம் ஒரு துணி போதும்.

இப்ப மெக்கானிக்கல் ஆசாமிகளுக்கு. டிடிபி கடை, டைப்பிங் சென்டர், கவர்மென்ட் ஆபீஸ் பக்கம் போனா 'டக் டக்'னு தெருவுக்கே கேக்கற டிவிஎஸ் கோல்டு ஞாபகம் இருக்கும். விசைக்கு விசை தனி சுவிட்சு. மேல் மூடியைச் சுலபமா கழட்டிக் கழுவலாம், ஒரு சுவிட்சு போனா பத்த வைக்கத் தெரிஞ்சவங்க அதை மட்டும் மாத்தலாம். அதனாலதான் அதுங்க வருஷக் கணக்கா உழைச்சுது. துடைக்கறதுக்கு வசதியா செஞ்ச பொருள் நிலைக்கும்ங்கறது என் கட்சி.

இதுக்கு எதிர்ப் பக்கமும் நடந்துச்சு. 2015ல ஆப்பிள் கம்பெனி மேக்புக்கை இன்னும் ஒல்லியாக்கறேன்னு 'பட்டர்பிளை' விசையைக் கொண்டு வந்தாங்க. ஒரு துளி தூசி உள்ள போனாலே எழுத்து விழாது, இல்லைன்னா ரெண்டு ரெண்டா விழும். லேப்டாப்பை 75 டிகிரி சாய்ச்சுப் பிடிச்சுக் காத்தடிங்கன்னு அவங்களே வழிமுறை போட்டாங்க. 2018ல இலவசமா ரிப்பேர் பண்ணித் தர்றோம்னு அறிவிச்சாங்க. 2019 கடைசியில பழைய கத்தரிக்கோல் வகைக்கே திரும்பினாங்க. 2022ல அமெரிக்காவுல வழக்கைத் தீர்க்க 5 கோடி டாலர் கொடுக்க ஒத்துக்கிட்டாங்க. இதுல எனக்குப் பிடிச்ச இடம் எதுன்னா, தப்பு தூசி மேல இல்லை, துடைக்காத ஆள் மேலயும் இல்லைன்னு கடைசியில ஆனதுதான். பழி போய்ச் சேர வேண்டிய இடத்துக்குச் சில சமயம் போய்ச் சேரும், கேக்கறதுக்கு வக்கீல் இருந்தா. பெருக்க வர்ற அக்காவுக்கு வக்கீல் ஏது?

ஒரு சின்ன இடைச்செருகல். நம்மள மாதிரி தமிழ்ல எழுதறவங்க கீபோர்டைப் பார்த்தே அவங்க எந்த முறையில அடிக்கறாங்கன்னு சொல்லிடலாம், தெரியுமா? அம்மான்னு அடிக்க ஆங்கில எழுத்தைத் தட்டற கோஷ்டின்னா 'ஏ' விசை முதல்ல வழுக்கை ஆகும். 'க' வேணும்னாலே கே-யோட ஒரு ஏ தட்டணுமே. தமிழ்99 ஆளுங்களுக்கு அகரம் தானா வந்துடும், அதனால அந்த விசை அவ்வளவு தேயாது. அவங்களுக்கு 'எஃப்' விசை தேயும். அங்கதான் புள்ளி உக்காந்திருக்கு. எஃப்லயும் ஜேயிலயும் விரல் தடவிப் பார்த்துக்க ஒரு சின்ன மேடு இருக்குமில்லையா, துடைக்கறப்ப முதல்ல அதைச் சுத்தி இருக்கற அழுக்கை எடுங்க. புள்ளி இடம் மாறினா தமிழ்ல அர்த்தமே மாறிடும் :-)

இதை எதுக்குச் சொல்றேன்னா, கீபோர்டுல நம்ம கை ரேகையே இருக்கு. எந்த விசையில எவ்வளவு பலமா அடிக்கறோம், என்ன திங்கறோம், எங்க டீ வைக்கறோம், எல்லாம் அதுல தெரியும். அப்பேர்ப்பட்ட ஒண்ணைத் துடைக்க இன்னொருத்தர் வரணும்னு நினைக்கறது எப்படி நியாயம்?

என் கருத்து இதுதான். தரை, ஜன்னல், மேஜை துடைக்கறது ஒரு வேலை, அதுக்குச் சம்பளம் உண்டு. கீபோர்டு துடைக்கறது அந்த வேலைக்குள்ள வராது. தட்டறவன் துடைக்கணும். அப்படியும் ஆபீஸ்ல முப்பது நாப்பது பொட்டி இருக்கு, ஆள் வச்சுத்தான் துடைக்கணும்னா, எப்படித் துடைக்கணும்னு அரை மணி நேரம் உக்காந்து சொல்லிக் கொடுங்க, சரியான துணியும் மருந்தும் வாங்கிக் கொடுங்க, ஒயரை உருவற வேலையை நீங்க செய்ங்க. அதுக்கப்புறமும் ஒண்ணு கெட்டா அது கம்பெனி செலவு, அவங்க சம்பளம் இல்லை.

"400 ரூபாய்க்குப் புதுசு கிடைக்குது, இதுக்குப் போய் இவ்வளவு பெரிய பதிவான்னு" சிலர் கேப்பீங்க. உங்களுக்கு 400 ரூபாய் ஒண்ணுமில்லை. அந்த 400ஐ யார் கையில இருந்து பிடிக்கறாங்கங்கறதுலதான் விஷயமே இருக்கு. பொருள் சீப்பாகி நமக்கு அலட்சியம் ஜாஸ்தியாச்சு, ஆனா உடைஞ்சா பழி போற திசை மட்டும் மாறவே இல்லை. அது எப்பவும் கீழ்நோக்கித்தான் போகுது, கொட்டின டீ மாதிரியே.

இன்னொரு கேள்வியும் வரும். "நாமளே துடைச்சா அவங்க வேலை போயிடாதா?" கீபோர்டு துடைக்கறதுக்காக யாருக்கும் யாரும் தனியா சம்பளம் கொடுத்து நான் பார்த்ததில்லைங்க. "சேத்து துடைச்சு விட்ருங்க"தான். அந்த 'சேத்து'ங்கற வார்த்தைக்குக் காசு கிடையாது, பொறுப்பு மட்டும் உண்டு.

கதையை முடிச்சுடறேன். கீபோர்டைப் பிரிச்சுப் பார்த்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரல. ஆனா மறுநாளே போய் ஓனர்கிட்ட சொன்னேன்னு நினைக்காதீங்க, அவ்வளவு நல்லவன் இல்லை. என் சம்பளம் வர ஒரு மாசம் ஆச்சு. 250 ரூபாயை எடுத்துக்கிட்டு, காலையில அக்கா பெருக்க வர்ற நேரத்துக்குப் போய் நின்னேன். "யக்கா, அன்னிக்கு கீபோர்டு கெட்டது உங்களால இல்லை. நான்தான் டீ கொட்டினேன்"னு சொல்லி நீட்டினேன்.

அவங்க கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தாங்க. பணத்தை வாங்கி முந்தானையில முடிஞ்சுக்கிட்டாங்க. வெளக்கமாத்தை எடுத்துக்கிட்டே சொன்னாங்க, "அன்னிக்கே ஓனர்ட்ட சொல்லியிருந்தா நல்லாருந்துருக்கும் தம்பி. மாடி டியூசன்காரவுகளும் இனிமே பொட்டிப் பக்கம் போவாதன்னுட்டாக."

காசு திரும்பிப் போச்சு. பேர் திரும்பிப் போகல. அன்னிக்கு சாயங்காலம் ஓனர்கிட்டயும் சொன்னேன். அவர் சிரிச்சுட்டு, "அட விடுப்பா, அது முடிஞ்ச கதை"ன்னுட்டார். அவருக்கு முடிஞ்சது. மாடியில போய் டியூஷன் சென்டர்ல சொல்லணும்னு எனக்குத் தோணினதே வருஷங்கள் கழிச்சுத்தான். அந்த அக்கா அதுக்கப்புறம் நான் அங்க இருந்த வரைக்கும் கம்ப்யூட்டர் மேஜை மேல கை வைக்கவே இல்லை. தரையை மட்டும் துடைச்சுட்டு, மேஜைக்கு ஒரு அடி தள்ளியே நின்னுப்பாங்க.

அன்னையில இருந்து என் கீபோர்டை நான்தான் துடைக்கறேன். வேலை பார்த்த ஒவ்வொரு ஆபீஸ்லயும். கூட இருக்கறவங்க "என்ன பாஸ், ஆணி இல்லையா இன்னிக்கு?"ன்னு கிண்டல் பண்ணுவாங்க. சிரிச்சுட்டுத் துடைப்பேன். டீ கொட்டினா, கொட்டின அடுத்த நிமிஷமே "நான்தான் கொட்டினேன்"னு சத்தமாச் சொல்லிட்டுத்தான் ஒயரை உருவுவேன். கீபோர்டைக் காப்பாத்த அதை விடப் பாதுகாப்பான வழி எனக்குத் தெரிஞ்சு இல்லை.

டிஸ்கி: இந்தப் பதிவு அடிக்கறப்ப பக்கத்துல டீ இருந்துச்சு. மேஜையோட அந்தக் கோடியில, கீபோர்டை விடத் தாழ்வான ஒரு ஸ்டூல் மேல. கொட்டினாலும் தரையிலதான் கொட்டும். தரையையும் நானே துடைச்சுக்கறேன் :-)